தட்டு நகர்ந்ததாலா ஆற்றில் வெள்ளம்?

ராதாபுரம் டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புக்குப் புவித்தட்டு பாடம் நடத்துகிறேன். படம் வரைந்தாச்சு, வீடியோவும் போட்டாச்சு. "2023ல தாமிரபரணியில வெள்ளம் வந்ததும் தட்டு நகர்ந்துதானே டீச்சர்?" என்கிறான் ஒருவன். இன்னொருத்தி குமரிக்கண்டம் எந்தத் தட்டில் இருந்தது என்று கேட்க, பாதி பீரியடு அதிலேயே போச்சு. எங்கிருந்து தொடங்கினால் ஏறும்?

தேரிக்காடு:
முதலில் வெள்ளத்தைத் தனியே பிரிங்க டீச்சர். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது காற்றுச் சுழற்சியால் வந்த மழை, பூமிக்கு அடியில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கரும்பலகையில் ஒரு பக்கம் வானம், ஒரு பக்கம் பூமி என்று எழுதி, புயல், வறட்சி, சுனாமி, எரிமலை எல்லாம் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். நிலச்சரிவுக்கு வரும்போது சண்டை வரும், மழையாலும் சரியும், நடுக்கத்தாலும் சரியும். அதைச் சீக்கிரம் தீர்த்துவைக்காதீர்கள்.

உவரிக்காரன்:
சுனாமியை எடுங்க. இவங்க எல்லாரும் 2004க்கு அப்புறம் பிறந்தவங்க, வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள், கடற்கரை ஊர்களில் கதைக்குப் பஞ்சமில்லை. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலின் பாதியை மேசைக்கு வெளியே நீட்டி, நுனியில் சாக்பீஸ் துண்டு வைத்து, விரலால் கீழே வளைத்துச் சட்டென்று விடுங்கள். சுமத்ரா பக்கம் நடந்தது இதுதான். இந்தியத் தட்டு கீழே நுழையும்போது மேல்தட்டின் விளிம்பு அதோடு சிக்கி, வருஷக்கணக்கில் உள்ளே இழுபட்டு வளைந்துகொண்டே இருந்தது. டிசம்பர் 26 காலை நம்ம நேரம் ஆறரை மணி வாக்கில் சிக்கல் விட்டது, 1,200 கி.மீ. நீளத்துக்கும் மேல். விளிம்பு எகிறியதில் மேலே இருந்த கடலும் எழும்பியது. அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஆனால் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்ததே 2007ல்தான்.

தேரிக்காடு:
குமரிக்கண்டக் கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டாம், பாடத்துக்கு நல்ல கதவு அது. மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் நடுவே லெமூரியா என்றொரு நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்று ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1864ல் எழுதியபோது தட்டு நகரும் என்பதே யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் விலகியவை என்று தெரிந்தபின் மூழ்கிய கண்டத்துக்கு வேலை இல்லை. கடல்கோளைத் தமிழய்யாவிடம் விட்டுவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

ராதாபுரம் டீச்சர்:
ஸ்கேல் நாளைக்கே. நம்ம ஊரில் நடுக்கம் வராதா என்று கேட்டால்?

உவரிக்காரன்:
தட்டின் விளிம்பு நமக்குத் தூரம், அதனால் ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்லிவிடாதீங்க.