ஒன்று, இரண்டாம் வகுப்பு வாசிப்பு விளையாட்டுகள்: ஒப்பிக்கும் பிள்ளையை வாசிக்க வைப்பது எப்படி?

வெண்பலகை:
வணக்கம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேர் ஒரே அறையில். தமிழ் வாசிப்புக்கு ஒரு நாளைக்கு 40 நிமிடம். மூன்று சிக்கல்களுக்கு வழி வேண்டும்.

முதலாவது, பாடத்தைக் கடகடவென்று சொல்கிறார்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றால் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்துதான் அதைப் பிடிக்கிறார்கள். இரண்டாவது, கெ, கே, கை, கொ வந்தால் தடுமாற்றம். மூன்றாவது, விளையாட்டு என்று ஆரம்பித்தால் நான்கைந்து பேர்தான் விளையாடுகிறார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் செய்கிறார்கள். அட்டை, பேனா, கத்தரிக்கோல் தவிர வேறு பொருள் தேவைப்படாத விளையாட்டுகளாகச் சொல்லுங்கள்.

எழுத்தாணி:
எந்த விளையாட்டையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எழுத்தைப் பார்க்காமலேயே ஒரு பிள்ளை இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது வாசிப்பு விளையாட்டு இல்லை. படத்தோடு சொல்லைப் பொருத்துவது இதற்கு நல்ல உதாரணம். யானை, பூ, மரம் என்று மூன்று அட்டை இருந்தால் முதல் எழுத்தை மட்டும் பார்த்தாலே போதும், மீதிச் சொல்லைத் தொடவே வேண்டாம்.

அதனால் சொல் பிங்கோ (நீங்கள் சொல்லும் சொல்லைப் பிள்ளைகள் தங்கள் கட்டத்தில் தேடி அடிக்கும் ஆட்டம்) ஆடுங்கள், ஆனால் சொற்களைப் பார்த்துப் பொறுக்குங்கள். கரும்பலகையில் 12 சொல்: படி, படம், பாடம், பட்டம், பட்டு, பாட்டு, பாட்டி, பட்டை, பாதம், பாலம், பல், பால். ஒவ்வொருவரும் 3×3 கட்டம் போட்டு இதில் பிடித்த 9 சொல்லை எழுதட்டும். எல்லாமே ப, பா என்று தொடங்குவதால் சொல்லின் கடைசிவரை கண் போயே ஆக வேண்டும். எழுதி முடித்ததும் கரும்பலகையை அழித்துவிடுங்கள். நீங்கள் ஒரு சொல்லைச் சொன்னதும் 5 விநாடி இடைவெளி விட்டு அடுத்ததுக்குப் போங்கள். அவசரப்படுத்தினால் பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்ப்பார்கள். 9 சொல் எழுத முடியாத சின்னவர்களுக்கு 2×2 கட்டமும் 6 சொல்லும் போதும்.

அடுத்தது சொல் ஏணி. ஒரு படிக்கு ஒரு மாற்றம்தான்: பல், கல், கால், பால், பாய், தாய், தாள், வாள், வால். கல் கால் ஆகும்போது மாறியது ஒரு துணைக்கால். வாள் வால் ஆகும்போது மாறியது கடைசி மெய். புதுச் சொல்லைப் படித்தால் மட்டும் போதாது, எது மாறியது என்று பிள்ளை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அந்தத் தொடுதலில்தான் பாடம் இருக்கிறது.

குறில் நெடிலுக்குக் கையைப் பயன்படுத்துங்கள். குறிலுக்கு ஒரு கைதட்டல், நெடிலுக்குக் கையை விரித்து நீட்டல், மெய்க்கு விரல் நொடிப்பு. குடை, கூடை, விடு, வீடு, எடு, ஏடு, கொட்டை, கோட்டை, வெட்டி, வேட்டி. நீங்கள் சொல்ல அவர்கள் தட்டுவது முதல் கட்டம். நீங்கள் வாய் திறக்காமல் அட்டையை மட்டும் காட்ட, அவர்கள் தட்டுவது இரண்டாம் கட்டம். இரண்டாவதுதான் வாசிப்பு.

கதைப்பெட்டி:
இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். கெ, கை தடுமாற்றத்துக்குப் பிள்ளையின் கவனக்குறைவு காரணம் இல்லை. மற்ற இடங்களில் இடமிருந்து வலமாக வாசி என்கிறோம். கொம்பு மட்டும் முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ என்ற எழுத்துகளில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. போதாக்குறைக்கு க, கா, கி, கீ என்று ராகம் போட்டுச் சொல்லும் வாய்பாட்டில் ராகமே அடுத்த எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. வரிசையைக் கலைத்துப் போட்டால்தான் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது வெளியே வரும்.

இதற்கு இழுப்பு அட்டை செய்யுங்கள். 14 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில் ஓர் அட்டை. அதன் நடுவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு கிடைக்கீறல், ஒவ்வொன்றும் 4.3 செ.மீ. நீளம், இடையே 3 செ.மீ. தூரம். தனியாக 4 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை வெட்டி, மேலும் கீழும் 3 செ.மீ. விட்டுவிட்டு, 3 செ.மீ.க்கு ஒன்றாக க, ச, ட, த, ப, ம, ந, வ என்று எட்டு எழுத்து. பட்டையைப் பின்னாலிருந்து கீழ்க் கீறல் வழியாக முன்னே எடுத்து மேல் கீறல் வழியாகப் பின்னே விட்டால், ஒரு நேரத்தில் ஒரே எழுத்து தெரியும். அட்டையில் அதன் இடப்பக்கம் ஒட்டினாற்போல் ெ எழுதுங்கள். பட்டையை இழுக்க இழுக்க கெ, செ, டெ, தெ என்று மாறும். ே, ை, ா ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ொ, ோ அட்டைக்கு இரண்டு பக்கமும் குறி. பட்டை எல்லாவற்றுக்கும் பொதுவானது.

ை அட்டைக்கு மட்டும் ண, ல, ள, ன எழுதிய இன்னொரு பட்டையும் வையுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை நான்குக்கும் தனி வடிவம் இருந்தது. இப்போது அவையும் இதே கொம்பில் அடங்கிவிடுகின்றன.

செய்யும்போது கெட்டுப்போகும் இடங்கள்: கீறல் சரியாக 4 செ.மீ. இருந்தால் பட்டை இறுகிக் கிழியும், அந்தக் கூடுதல் 3 மி.மீ. அவசியம். குறியையும் எழுத்தையும் ஒரே உயரத்தில் எழுதாவிட்டால் பிள்ளைக்கு அவை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது போலத் தெரியாது. ா எழுதும்போது அடியில் வால் இழுத்துவிடாதீர்கள், 'கா' 'கர' ஆகிவிடும். இ, ஈ, உ, ஊ வரிசைகளை இந்த அட்டையில் முயற்சி செய்யவே வேண்டாம், குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் சரிவராது.

இழுப்பவர் வரிசையாக இழுக்காமல் தாறுமாறாக நிறுத்த வேண்டும். கொம்பைக் கண்டதும் வாய் திறக்காமல் அடுத்த எழுத்தைப் பார்த்து, இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வது விதி. "எ... க... கெ" என்று கூட்ட விட்டால் அதுவே பழக்கமாகிவிடும்.

தாழ்வாரம்:
மூன்றாவது சிக்கலுக்குக் கட்டளைச் சீட்டு. சீட்டில் ஒரு கட்டளை. வாய்விட்டுப் படிக்கக் கூடாது, செய்துகாட்ட வேண்டும். சின்னவர்களுக்கு "குதி", "உட்கார்", "கை தட்டு". பெரியவர்களுக்கு "தரையைத் தொடு", "மூன்று முறை தும்மு", "கண்ணை மூடிக்கொண்டு சிரி". புரிந்ததா என்று தனியாகக் கேள்வி கேட்க வேண்டாம், உடம்பே பதில் சொல்லிவிடும்.

எல்லோருக்கும் ஒரே சீட்டு கொடுத்தால் முதலில் குதிப்பவரைப் பார்த்து எல்லோரும் குதிப்பார்கள். 30 பேரை 15 சோடியாக்கி, சோடிக்கு 4 சீட்டு, அடுத்தடுத்த சோடிகளுக்கு வெவ்வேறு சீட்டு. ஒருவர் படித்துச் செய்கிறார். மற்றவர் அந்தச் செயலைப் பார்த்துச் சீட்டில் என்ன இருந்திருக்கும் என்று சொல்கிறார், பிறகு சீட்டை வாங்கிச் சரிபார்க்கிறார். ஆக, சீட்டு இரண்டு பேர் கண்ணிலும் படுகிறது. சோடி சேர்க்கும்போது நன்றாகப் படிப்பவரையும் தட்டுத் தடுமாறுபவரையும் சேர்க்காதீர்கள், முன்னவரே எல்லாவற்றையும் படித்துவிடுவார். நன்றாகப் படிப்பவரோடு நடுத்தரம், நடுத்தரத்தோடு தடுமாறுபவர் என்று வையுங்கள்.

வாக்கியப் பட்டையைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்து அடுக்கச் சொல்வதும் நல்ல வேலைதான். ஆனால் தமிழில் அதற்கு ஒரு கண்ணி இருக்கிறது. "பூனை பாலைக் குடித்தது" என்பதை ஒரு பிள்ளை "பாலை, பூனை, குடித்தது" என்று அடுக்கினாலும் பொருள் சரி. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டையில் "பாலைக்" என்று க் ஒட்டிக்கொண்டிருப்பதால் அடுத்து 'பூ' வரும்போது ஒற்று இடிக்கும். முதல் வாரங்களில் வல்லினம் மிகாத வாக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள்: "மான் வேகமாக ஓடியது", "அம்மா என்னை அழைத்தார்". எந்த வரிசையில் வைத்தாலும் ஒற்றுப் பிரச்சினை இல்லை. "இன்னொரு மாதிரி அடுக்க முடியுமா?" என்று நீங்களே கேட்கலாம்.

வெண்பலகை:
மூவருக்கும் நன்றி. இழுப்பு அட்டையை இன்றே வெட்டுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். கடைசி எழுத்தில் அடுத்த சொல் தொடங்கும் சொல் சங்கிலி மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிடுகிறது. இன்னொன்று, "தம்பி"யை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது 'பி'யை அழுத்தி 'தம்ப்பி' போலச் சொல்கிறார்கள். வாயில் தினமும் புழங்கும் சொல் என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.

சிற்றெறும்பு:
சங்கிலி நிற்பது பிள்ளைகளின் சொல்வளக் குறைவால் இல்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எழுத்துகளில் தமிழ்ச்சொல் தொடங்காது, மெய்யிலும் தொடங்காது. ஆனால் நம் சொற்கள் பெரும்பாலும் முடிவதே டு, ல், ன், ள், ரு என்றுதான். "மாடு" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவருக்கு வழி இல்லை. விதியை மாற்றுங்கள்: முந்தைய சொல்லில் உள்ள ஏதாவது ஓர் எழுத்து, அல்லது அதே மெய்யின் வரிசையில் வரும் எழுத்து, புதுச் சொல்லில் எங்கே இருந்தாலும் சரி. மாடு, குடம், குதிரை, திராட்சை, மாலை என்று போய்க்கொண்டிருந்தால் 'மாலை'யில் ஆட்டம் நிற்க வேண்டும், 'திராட்சை'க்கும் அதற்கும் பொது எழுத்து இல்லை. அதைக் கண்டுபிடித்துக் கையைத் தூக்குபவருக்கும் ஒரு புள்ளி கொடுங்கள். காத்திருக்கும் பிள்ளைகளும் கவனிப்பார்கள். சொல்லைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனால்தான் இது வாசிப்பு, இல்லாவிட்டால் வெறும் காது விளையாட்டு.

தம்பி விஷயம் இன எழுத்து. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆறையும் பிரிக்காமல் ஒரே அட்டையில் ஒரே துண்டாகக் காட்டுங்கள். மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் மென்மையாகத்தான் ஒலிக்கும். த–ம்–பி என்று மூன்றாக உடைத்தால் அந்த மென்மை போய்விடுகிறது. த–ம்பி என்று இரண்டாக உடைத்தால் பிள்ளையே சொல்லை அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு வாரத்துக்கு இரண்டு அட்டை போதும். பத்தி ஒன்றைக் கொடுத்து அந்த வாரத் துண்டுகளை வட்டமிடச் சொல்லுங்கள், பிறகு அந்தச் சொற்களை மட்டும் படிக்கட்டும்.

பிள்ளைகள் வாயால் சொல்லும் கதையை அட்டையில் எழுதி அதையே வாசிக்க வைப்பதும் உண்டு. அவர்கள் சொன்னது சொன்னபடியே "நாய் ஓடிப்போச்சு" என்று எழுதுங்கள். சொந்தச் சொல் என்பதால் ஆர்வமாகப் படிப்பார்கள்.

எழுத்தாணி:
சிற்றெறும்பு சொன்னதில் கடைசி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. புத்தகத்தில் "ஓடிப்போனது" என்றுதான் வரும். "ஓடிப்போச்சு" என்று அட்டையில் எழுதிப் பழக்கினால் பிள்ளை இரண்டு தடவை கற்க வேண்டியிருக்கும். கதாபாத்திரம் பேசுவதைப் பேச்சுக் குமிழிக்குள் பேச்சு வழக்கிலும், கதை சொல்லும் வரியை எழுத்து வழக்கிலும் எழுதுங்கள். குமிழியை ஒரு குழு வாசிக்க, கதை வரியை இன்னொரு குழு வாசித்தால் இரண்டு வழக்கும் எங்கெங்கே என்பது விளக்கமில்லாமலே புரியும். அரைப் பக்கக் கதைக்கு 4 குமிழி போதும்.

கதைப்பெட்டி:
இழுப்பு அட்டையில் வராது என்று விட்ட உகரத்துக்கு: 18 எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், வடிவம் மூன்றே வகை. சு, பு, யு, வு, ஙு கீழே கோடு இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு சுழித்து வளையும். ணு, து, நு, லு, று, னு, ஞு மடங்கி மேலே ஏறும். சொற்களில் புழங்காத ஙு, ஞு இரண்டையும் ஒதுக்கிவிட்டு 16 அட்டை எழுதி, தரையில் மூன்று வட்டம் போட்டு, அட்டையைச் சரியான வட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். வைக்கும்போது எழுத்தின் ஒலியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோடு பார்த்துப் பிரிக்கும் வேலையாக மட்டும் நின்றுவிடும். ஊகாரத்தை இதோடு சேர்க்காமல் இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். 'கூ' எந்த வகையிலும் சேராது, அதைத் தனி அட்டையாகவே காட்டுங்கள்.