காணாமற்போன மூன்று வோல்ட்

கணக்கில் வந்த விடையும் கையில் வந்த விடையும் மோதிக்கொண்ட அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? நானே தொடங்கிவைக்கிறேன்.

சேலத்தில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படித்த காலம். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, ஒரு மெகா ஓம் மின்தடை இரண்டு. இரண்டையும் தொடராக இணைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் எத்தனை வோல்ட் என்று அளக்க வேண்டும். தடைகள் சமம் என்பதால் ஆளுக்குப் பாதி, நாலரை வோல்ட். இதற்குக் காகிதமே வேண்டாம். என்னிடம் இருந்தது மஞ்சள் நிறத்து மலிவு மல்டிமீட்டர். முதல் தடையில் வைத்தேன்: 3.00. இரண்டாவதில் வைத்தேன்: அதிலும் 3.00. பேட்டரியில் நேராக வைத்தால் சுத்தமாக 9.00.

மூன்றும் மூன்றும் ஆறு. மீதி மூன்று எங்கே போயிற்று? ஒரு சுற்றில் பிரிந்து விழும் வோல்ட்டுகளைக் கூட்டினால் பேட்டரியின் வோல்ட் வந்தாக வேண்டும் என்பது கிர்க்காஃப் விதி. அவர் அதைச் சொன்னது 1845-இல். அப்போது அவரும் 21 வயது மாணவர்தான். அந்த விதியைச் சேலத்துக்காரன் ஒருவன் உடைத்துவிட்டான் என்று ஒரு மதியம் முழுக்க நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தேன்.

ஆய்வகத்தில் கேட்டதற்கு, “மீட்டர் சரியில்லை, 4.5 என்று எழுதிக் கொண்டுவா” என்றார்கள். திரும்பிப் பார்த்தால் வகுப்பு முழுவதும் 4.5 என்றுதான் எழுதியிருந்தது. அதில் பாதிப் பேர் பேட்டரியையே இணைத்திருக்கவில்லை.

பழைய பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை இருந்தது. கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஈயம் வைத்து வைத்து விரல் நுனிகள் சாம்பல் நிறமாகிப்போயிருந்தன.

“மீட்டர் கெட்டுவிட்டது ஐயா” என்று நீட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“என்ன தடை போட்டாய் கண்ணு?”

“ஒரு மெகா.”

“அப்படியென்றால் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. மீட்டரும் கொஞ்சம் குடிக்கும், அதை நீ கணக்கில் சேர்க்கவில்லை.”

ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் பழுப்பு, கருப்பு, சிவப்புப் பட்டை போட்ட இரண்டைப் பொறுக்கினார். அவை ஒரு கிலோ ஓம் தடைகள். அதே பேட்டரி, அதே மஞ்சள் மீட்டர்: 4.50. மறுபடி என் பழுப்பு, கருப்பு, பச்சையைப் போட்டார்: 3.00.

விஷயம் இதுதான். இந்த வகை மலிவு மீட்டர் வோல்ட் அளக்கும்போது அதற்குள்ளேயே ஏறக்குறைய ஒரு மெகா ஓம் தடை இருக்கிறது. என் ஒரு மெகாவின் குறுக்கே அதை வைத்த கணமே இரண்டும் பக்க இணைப்பாகி அரை மெகாவாகிவிடுகின்றன. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் அரை. ஒன்பதை அந்த விகிதத்தில் பிரித்தால் ஆறும் மூன்றும். மீட்டரை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்தப் பக்கம் மூன்றாகச் சரிகிறது, நான் பார்க்காத பக்கம் ஆறாக ஏறிவிடுகிறது. ஒரு கிலோ ஓமுக்கு முன்னால் மீட்டரின் ஒரு மெகா ஆயிரம் மடங்கு பெரியது. அது குடிப்பது தெரியவே தெரியாது.

அவருடைய நல்ல மீட்டரில் உள்தடை 10 மெகா. அதில் 4.29 வந்தது. சுவரில் தொங்கிய பழைய முள் மீட்டர் என்னுடையதைவிட அதிகம் குடிக்கும், அதில் ஒன்றேகாலுக்குச் சற்று மேல். ஒரே சுற்று, மூன்று மீட்டர், மூன்று விடை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அலமாரியிலிருந்து என்னுடையதைப் போலவே இன்னொரு மஞ்சள் மீட்டரை எடுத்தார். ஒரு தடைக்கு ஒரு மீட்டர் என இரண்டையும் ஒரே நேரத்தில் இணைத்தார். இரண்டிலும் 4.50. இரண்டு பக்கமும் ஒரே அளவு குடித்தால் பங்கு மாறாதல்லவா.

கூலி வாங்கவில்லை. “ஆம்பியர் பக்கம் ஃபியூஸ் போயிருக்கும், அதை மட்டும் மாற்றிக்கொள்” என்றார். முந்தைய வாரம் ஆம்பியரில் வைத்தபடியே பேட்டரியின் குறுக்கே நேராகத் தொட்டிருந்தேன். அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

*

இளம்பிள்ளையிலிருந்து:

எங்களுக்கு விசைத்தறிக் கொட்டகை. பிளஸ் டூ படித்தபோது அப்பா ஒரு கேள்வி கேட்டு என்னை மடக்கிவிட்டார். “ஒரு முனைக்கு 230 வோல்ட் என்கிறார்கள். இரண்டு முனைக்கு நடுவே அளந்தால் 460 அல்லவா வர வேண்டும்? ஏன் 400 என்கிறார்கள்?” மும்முனை மின்சாரம் பாடத்தில் வருகிறது, 230-ஐ மூன்றின் வர்க்கமூலமான 1.732-ஆல் பெருக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அதை அப்பாவிடம் சொல்லி என்ன பயன்?

கடைசியில் பாவு நூலில் 23 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று துண்டு வெட்டினேன். தரையில் ஒரே புள்ளியிலிருந்து, கடிகாரத்தில் 12, 4, 8 இருக்கும் திசைகளில் நீட்டி வைத்தேன். மின்சாரத்தின் மூன்று முனைகளும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை, 120 பாகை தள்ளித் தள்ளித்தான் வருகின்றன. அதற்குத்தான் இந்தத் திசைகள். நூலின் நுனியிலிருந்து நுனிக்கு அப்பாவே அளந்தார். 40 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. அவர் நம்பாமல் மற்ற இரண்டு பக்கமும் அளந்தார்.

ஒத்துக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். “மோட்டார் தகட்டில் 415 என்று போட்டிருக்கிறதே?” என்றார். அது 240 வோல்ட் வைத்துப் போட்ட கணக்கு என்று சொல்லித் தப்பினேன்.

*

ஏற்காட்டிலிருந்து:

உங்கள் 4.5-ஐப் படித்ததும் எங்கள் பள்ளி நினைவுக்கு வந்தது. கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானியை வைத்தால் 95-ஐத் தாண்டவே தாண்டாது. நாங்கள் எல்லோரும் 100 என்று எழுதினோம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் அங்கே 95-இல்தான் கொதிக்கும் என்பது எனக்குக் கல்லூரியில்தான் புரிந்தது. பருப்பு வேகாததற்கு அம்மா இத்தனை வருடமாகப் பருப்பைத் திட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

இன்னொன்று. கல்லூரி விடுமுறையில் பஸ்ஸில் மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவு இருபதும் முடிவதற்குள் ஒரு கணக்குப் போட்டேன். என் எடை 60 கிலோ. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் மேலே. 60 × 9.8 × 1,200 என்றால் சுமார் 7 லட்சம் ஜூல். மின்சார வாரியக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதாவது என்னை மேலே தூக்க ஐந்தில் ஒரு யூனிட் போதும்!

வீட்டுக்குப் போனதும் அம்மாயியிடம் பெருமையாகச் சொன்னேன். காப்பி மூட்டையோடு அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறியவர் அவர். “அவ்வளவுதானா? என் முட்டி வலியை எந்தக் கணக்கில் எழுதினாய்?” என்றார். தசை வாங்கும் ஆற்றலில் கால் பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மீதி வெறும் சூடாகப் போகிறது என்று விளக்கப் பார்த்தேன். அவர் அதற்குள் அடுப்பைப் பார்க்க எழுந்துவிட்டார்.

அது இருக்கட்டும், ரெகார்டு நோட்டில் கடைசியில் என்ன எழுதினீர்கள்?

*

தொடங்கியவர்:

மையில் 4.5, ஓரத்தில் பென்சிலில் 3.00. பென்சிலை அழித்தால்தான் கையெழுத்து என்றார்கள். அழித்துவிட்டேன். பத்துக்கு ஒன்பது போட்டார்கள்.