டெட் ஏர்: மாணவர் வானொலிக் கையேட்டுக்கு ஒரு சொல் தேவை

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரிச் சமுதாய வானொலிக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். வரலாற்றுப் பகுதி முடிந்துவிட்டது. 1924இல் சென்னையில் ஒரு வானொலி மன்றம் 40 வாட் டிரான்ஸ்மிட்டரோடு தொடங்கியது, 1935இல் மைசூரில் ஓர் உளவியல் பேராசிரியர் தம் வீட்டிலிருந்தே ஒலிபரப்பியது, அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது, 2004இல் அண்ணா பல்கலைக்கழக வானொலி வந்தது: எதற்கும் சொல் தேடி நிற்க வேண்டியிருக்கவில்லை. நிலையத்தை நடத்தும் முறையைச் சொல்லும் பகுதியில்தான் இடறுகிறேன்.

பதிவேட்டில் ஒரு கட்டத்தின் தலைப்பு 'டெட் ஏர்'. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது ஏறவில்லை. மைக்கின் ஒலியை ஏற்றி இறக்கும் நழுவுகட்டை, அதாவது ஃபேடர், இறங்கியே கிடக்கிறது. கணினியில் அடுக்கிவைத்த பாடல்கள் தீர்ந்துவிட்டன. கேட்பவருக்கு ஒன்றும் கேட்காது. எத்தனை நொடி, என்ன காரணம் என்று பணியில் இருக்கும் மாணவர் எழுத வேண்டும். பழைய பிரதியில் 'இறந்த காற்று' என்று இருக்கிறது. அதை அச்சிட எனக்கு மனமில்லை. கட்டம் சிறியது, சொல்லும் சிறியதாக இருந்தால் நல்லது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'ஒலியவிவு' என்று வையுங்கள். அவிதல் என்றால் அடங்குதல், ஓய்தல். விளக்கு அவிகிறது, தீ அவிகிறது, ஒலியும் அவிகிறது. மதுரைக்காஞ்சியில் இரவின் நடுச்சாமத்தைச் சொல்லுமிடத்தில், ஓசை அடங்கிய கடலுக்கு இந்த வினைதான் வருகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஒலியோடு சேர்ந்து புழங்கிய சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? புலன்களை அடக்கிய சான்றோரை 'அவிந்து அடங்கிய' என்று பாடிய மரபும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அவி, அவியல், அவிசு என்று இந்த வேர் எங்கெல்லாம் கிளைத்தது, எது நம்முடையது, எது வடமொழியிலிருந்து வந்தது என்று தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஒலிபரப்புப் பொறியாளர்:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் நடப்பது அதுவல்ல. டெட் ஏர் நேரத்தில் டிரான்ஸ்மிட்டர் நிற்பதில்லை. பள்ளி இயற்பியல் பாடத்தில் 'ஊர்தி அலை' என்று படித்தோமே, அது அதே வலுவோடு போய்க்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஏற வேண்டிய ஒலி மட்டும் இல்லை. அதனால்தான் ரேடியோவில் இரைச்சல் வராமல் சுத்தமான அமைதி வருகிறது. டிரான்ஸ்மிட்டரே நின்றால் 'ஸ்ஸ்' என்று இரையும். காதால் கேட்டே இரண்டையும் பிரித்துவிடலாம்.

பதிவேட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. முதலாவதற்கு ஸ்டுடியோவில் இருக்கும் மாணவர் பொறுப்பு, இரண்டாவதற்கு நாங்கள் பொறுப்பு. பெயர் குழம்பினால் பொறுப்பும் குழம்பும். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்று அனுமதி நிபந்தனை சொல்கிறது. நாளை யாராவது கேட்டால் பதிவேடும் ஒலிப்பதிவும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அவிதல் மெல்ல மெல்ல அடங்குவது. டெட் ஏர் பட்டென்று விழுவது. 'ஒலியவிவு' என்பதை, ஒலியை மெல்லக் குறைத்து முடிக்கும் ஃபேட் அவுட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் இன்னும் சொல் இல்லை.

என் முன்மொழிவு 'வெற்றலை'. அலை இருக்கிறது, வெறுமையாக இருக்கிறது.

நாடகப் பிரிவில் பணியாற்றியவர்:

எளிமையாக 'மௌனம்' என்றால் எல்லாருக்கும் புரியுமே? எந்த மாணவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தனித்தமிழ் அன்பர்:

மௌனம் முனியிலிருந்து வந்த வடசொல். ஊர்தி அலைமேல் ஒலியை ஏற்றும் பண்பேற்றத்திலிருந்து எஃப்எம்முக்குப் 'பண்பலை' எடுத்தோம், இன்று அதை யாரும் கலைச்சொல் என்றே நினைப்பதில்லை. 'ஆகாசவாணி'யை வானொலி நேயர்கள் நாவில் ஏற்றிக்கொள்ளவே இல்லை, 'வானொலி'தான் நிலைத்தது. புரியாது புரியாது என்று சொல்லிச் சொல்லியே சொற்களைப் பிறக்க விடாமல் செய்கிறோம். 'ஊமையலை' என்று வைப்போம். சும்மா என்று பொருள்படும் 'வாளா' என்னும் பழஞ்சொல்லை எடுத்து 'வாளாவலை' என்றும் சொல்லலாம்.

நாடகப் பிரிவில் பணியாற்றியவர்:

வடசொல் என்பதற்காக நான் பின்வாங்க மாட்டேன், தமிழில் மௌனம் எப்போதோ குடியேறிவிட்டது. ஆனால் வேறொரு காரணத்தால் என் முன்மொழிவை நானே விட்டுவிடுகிறேன். மௌனம் ஒருவர் வேண்டுமென்று காப்பது. வானொலி நாடகத்தில் ஒரு சாவுச் செய்திக்குப் பிறகு மூன்று நொடி விட்டுவிடுவோம். அந்த மூன்று நொடியில்தான் நாடகமே இருக்கிறது. அதையும் ஃபேடரை ஏற்ற மறந்ததையும் ஒரே சொல்லால் சொன்னால், நாளைக்குப் பயந்துகொண்டு எந்த மாணவரும் இடைவெளியே விடமாட்டார்.

'ஊமை' வேண்டாம். பேச இயலாதவர்களைக் குறித்த சொல்லைக் கோளாறின் பெயராக்கி மாணவர் கையில் கொடுக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அப்படியானால் எத்தனை நொடிக்கு மேல் கோளாறு? அதையும் வரையறுக்க வேண்டுமல்லவா? கண்ணிமைப்பதையும் கைநொடிப்பதையும் அளவாக வைத்து மாத்திரையை வரையறுத்தவர் தொல்காப்பியர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, குற்றியலுகரத்துக்கு அரை. அரை மாத்திரைக் குறைவையும் காது உணரும் என்று நம்பிய மரபு இது. நாம் இன்று எழுதும் 'நொடி'யே அந்தக் கைநொடிதான்.

வெற்றலை பற்றி: வெறுமை என்பதன் மை கெட்டு, றகரம் இரட்டித்து, வெற்று ஆகி, அலையோடு சேர்ந்தது. இலக்கணத்தில் குறையில்லை. வெற்றிலையும் இதே வழியில் வந்தது என்பார்கள். பூவும் காயும் இல்லாத வெறும் இலை என்று பொருள் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் ஐயம் உண்டு. ஆனால் இங்கே சிக்கல் வேறு. இரண்டும் ஓர் உயிரெழுத்தில்தான் வேறுபடுகின்றன. பரபரப்பில் போனில் சொன்னால் எதிர்முனையில் என்னவென்று கேட்கும்?

இலங்கையில் அறிவிப்பாளராக இருந்தவர்:

'ஒலி வெற்றிடம்' எண்டு சொல்லலாமோ என்று யோசித்தேன். ஆனால் வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பதுதான் பாடம், பிள்ளைகள் அதையே நினைப்பார்கள். 'தடங்கல்' நேயர்களுக்கு நல்லாப் பழகிய சொல். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று எத்தனை தரம் வாசித்திருப்போம்! ஆனால் மின்சாரம் போனாலும் தடங்கல்தான், எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். பொறியாளர் சொன்ன பிரிவைக் காப்பாற்றாது.

மாணவி, மாலை நிகழ்ச்சித் தொகுப்பாளர்:

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பதிவேட்டை எழுதுகிறவள் என்பதால் சொல்கிறேன். ஸ்டுடியோவில் நாங்கள் 'டெட் ஏர் விழுந்துடுச்சு' என்றுதான் சொல்வோம். சொல்லை எப்படிப் பயன்படுத்துவோம் என்று சொல்லிப் பார்த்தால் எது நிற்கும் என்று தெரிந்துவிடுகிறது. 'வெற்றலை விழுந்துடுச்சு' என்றால் டிரான்ஸ்மிட்டரே போய்விட்ட மாதிரி இருக்கிறது. 'பதினைஞ்சு நொடி வெறும் அலை போயிடுச்சு' என்றால் வாயில் வருகிறது, என்ன நடந்தது என்றும் புரிகிறது.

தேர்வு நாட்களில் ஆள் இருக்க மாட்டார்கள், கணினிதான் நிலையத்தை ஓட்டும். அமைதி குறிப்பிட்ட நொடிகளைத் தாண்டினால் அலாரம் அடித்து, மாற்றுப் பாடலைத் தானாகவே போடும் கருவி ஒன்று இருக்கிறது. அந்த அலாரம் கேட்டு மூன்றாம் மாடிக்கு ஓடுகிறவர்கள் நாங்கள். ஓடிக்கொண்டே சொல்கிற மாதிரி இருக்கட்டும்.

ஒலிபரப்புப் பொறியாளர்:

தம்பி தங்கைகளுக்கு வாயில் வருவதுதான் முக்கியம். 'வெறும் அலை' என்றாலும் நான் கேட்டது அதில் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் நிற்பதற்கு 'அலை நிறுத்தம்' என்று பக்கத்துக் கட்டத்தில் போட்டுவிடுங்கள்.

தனித்தமிழ் அன்பர்:

இரு சொற்களைப் பக்கத்தில் வைத்தால் அது விளக்கம்தான், கலைச்சொல் ஆகாது. ஒரு சொல்லாகப் பிணைந்தால்தான் அதிலிருந்து மேலும் சொற்கள் பிறக்கும். 'வெற்றலைக் காவலி' என்று அந்தக் கருவிக்குப் பெயர் வைக்கலாம். 'வெறும் அலைக் காவலி' என்று வைக்க முடியுமா?

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

பெரும்பாலானோர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். நாளை மெய்ப்புப் பார்க்க வேண்டும், இதற்குமேல் காத்திருக்க முடியாது. பதிவேட்டுக் கட்டத்தில் 'வெறும் அலை', 'அலை நிறுத்தம்'. சொல்லடைவில் 'வெற்றலை (டெட் ஏர்)'. கருவிக்கு இப்போதைக்கு 'அமைதி உணரி'. ஃபேட் அவுட்டுக்கு ஐயாவின் 'ஒலியவிவு'. நாடக இடைவெளியைக் கட்டத்தில் எழுத வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஒலியவிவைச் சேர்த்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் 'வெறும் அலை'க்கு என் இசைவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். வானொலி என்ற பெயரிலேயே ஒலி இருக்கிறது. நேயருக்கு இல்லாமல் போனது ஒலி, அலையைப் பற்றி அவருக்கு என்ன? அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன். அவி பற்றிய மடல் பாதியில் இருக்கிறது, ஞாயிறன்று அனுப்புகிறேன்.