கலைச்சொல்: இருவழிவிகாரத்துக்கு மறுதலை, ‘ஒருங்குவிகாரம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே ஒட்சியேற்ற எண்ணில் (அணு இழந்த அல்லது பெற்ற இலத்திரன்களைக் கணக்கிடும் எண்) இருக்கும் ஒரு மூலகம் தாக்கத்தில் ஏறியும் இறங்கியும் இரண்டு எண்களுக்குப் பிரிவது இருவழிவிகாரம் (disproportionation). அதற்கு மறுதலையாக, இரண்டு எண்களில் இருக்கும் ஒரே மூலகம் இடையிலுள்ள ஓர் எண்ணில் வந்து சேரும் தாக்கத்துக்குத்தான் (comproportionation) தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு ‘எதிர் இருவழிவிகாரம்’ போதும் என்று ஒரு சேர் (ஆசிரியர்) எழுதியிருந்தார். எனக்கு அது ஒத்துவரவில்லை. எதிர் என்றவுடன் உயர்தர வகுப்புப் பிள்ளைகள், இரு திசையிலும் நடக்கும் மீளுந்தாக்கத்தின் பின்முகத் தாக்கத்தை நினைத்துவிடுவார்கள்.

சாதாரணதர வகுப்பில் தாக்கங்களைச் சேர்க்கை, பிரிகை, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி என நான்காகப் பிரித்துப் படிப்பிக்கிறோம். அவை அணுக்கள் இடம் மாறும் விதத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். இருவழிவிகாரமோ ஒட்சியேற்ற எண்ணைப் பார்த்து வைத்த பெயர். ஐதரசன் பரவொட்சைட்டு நீராகவும் ஒட்சிசனாகவும் உடைவது பிரிகை. அங்கே ஒட்சிசன் -1 இலிருந்து -2 ஆகவும் 0 ஆகவும் போவதால் அதுவே இருவழிவிகாரமும்தான். “இரண்டில் எது சேர் சரி?” என்று பிள்ளை கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்லவேண்டும்.

இப்போது நாம் பெயர் தேடும் தாக்கத்துக்கு வருவோம். தயோசல்பேற்றை நியமிக்கும் (அதன் கரைசலின் சரியான செறிவைக் காணும்) செய்முறை எல்லோருக்கும் தெரியும். பொற்றாசியம் அயடேற்றுக் கரைசல் நிறமற்றது, அயடைட்டும் நிறமற்றது. இரண்டையும் கலந்து ஐதான அமிலத்தை விட்டதும் குடுவை கபில நிறமாகிவிடும். அளவியிலிருந்து (burette) தயோசல்பேற்று இறங்க இறங்க நிறம் வெளிறி இளமஞ்சளாகும். அப்போதுதான் மாப்பொருளைச் சேர்ப்போம். முந்திச் சேர்த்தால் நீலம் லேசில் போகாது, முடிவுப்புள்ளி பிழைக்கும். அந்தக் கபிலம் அயடீன். அயடேற்றில் +5, அயடைட்டில் -1. இரண்டும் வந்து சேர்வது 0 இல். இந்தத் தாக்கத்தை மேலே சொன்ன நான்கு பெட்டிகளில் எதற்குள்ளும் போடமுடியாது. ஐதரசன் சல்பைட்டும் கந்தகவீரொட்சைட்டும் தாக்கிக் கந்தகம் படிவதும் இதே சாதி: -2 உம் +4 உம் 0 இல் சந்திக்கின்றன.

ஆகவே ‘ஒருங்குவிகாரம்’ என்கிறேன். கதிர்கள் ஒருங்குவதைப் பௌதிகத்தில் படித்த பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை. ‘ஒருவழிவிகாரம்’ எதுகைக்கு நன்றாயிருக்கும், ஆனால் மீளாத் தாக்கம் என்று பொருள்பட்டுவிடும். ‘குவிவிகாரம்’ சொல்லும்போதே நாக்குத் தடக்குகிறது.

ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுவோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியர் 1875 இல் வந்த தம் இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தார். இன்று யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லை யார் சொல்கிறார்கள்? இரசாயனம்தானே நிலைத்தது.

தமிழ்நாட்டு நண்பர்கள் தாக்கத்தை வினை என்பார்கள். இந்தச் சொல்லில் இரண்டுமே வராததால் அந்தப் பழைய சண்டைக்கு இங்கே இடமில்லை. ‘விகாரம்’ காதுக்கு அருவருப்பாய் இருக்கிறது என்பவர்கள் முதலில் இருவழிவிகாரத்தை மாற்றிவிட்டு வரட்டும். இரண்டையும் சேர்த்தே மாற்றுவோம்.