மூன்று நாள் ஷூட்டிங், 12 பக்க ஸ்கிரிப்ட்: ஷெட்யூலை எங்கிருந்து தொடங்குவது?

முதல்_ஷாட்:
வணக்கம். முதல் குறும்படம் எடுக்கப் போகிறேன். 12 பக்கம், 9 சீன். தாத்தா, பேத்தி என்று இரண்டே பாத்திரங்கள். தாத்தாவின் அறை, மாடிப்படி, ஒரு பேருந்து நிறுத்தம், இவ்வளவுதான் லொகேஷன். கேமரா மூன்று நாள்தான் கையில் இருக்கும். படத்தின் உயிரே 6வது சீன்தான். பொழுது சாயும் நேரம், ஜன்னலோரம் உட்கார்ந்து தாத்தா ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்கிறார். பேத்தி கை தவறி அதன் கண்ணாடியை உடைத்துவிடுகிறாள். இரண்டரைப் பக்கத்துக்கு வசனம். தாத்தாவாக நடிப்பவருக்கு 70 வயதுக்கு மேல் ஆகிறது. ஷாட் எல்லாம் மனதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஷெட்யூல் போட உட்கார்ந்தால் எதை முதலில் எழுதுவது என்றே புரியவில்லை. கதை வரிசையிலேயே எடுத்துவிடலாமா?

ஒன்லைன்_ஆர்டர்:
கதை வரிசை வேண்டாம். உங்களிடம் எது குறைவாக இருக்கிறதோ அதை வைத்துத்தான் ஷெட்யூல் போட வேண்டும். உங்கள் படத்தில் குறைவாக இருப்பவை இரண்டு: பொழுது சாயும் வெளிச்சம், அந்தப் பெரியவரின் தெம்பு. முதலில் இவை இரண்டுக்கும் இடம் ஒதுக்குங்கள். மற்ற சீன்கள் மிச்ச நேரத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கும் முன்னால் ஸ்கிரிப்டைப் பிரிக்க வேண்டும். சீனுக்கு ஒரு தாள் எடுத்துக்கொண்டு உள்ளா வெளியா, பகலா இரவா, யார் யார் இருக்கிறார்கள், என்ன உடை, கையில் என்ன பொருள், என்ன சத்தம் என்று எழுதுங்கள். உங்கள் 6வது சீனையே பிரித்துக் காட்டுகிறேன்.

கண்ணாடி உடைகிறது. அப்படியானால் எத்தனை டேக்குக்கு உடைக்கப் போகிறீர்கள்? அத்தனை மாற்றுக் கண்ணாடி வேண்டும். கேமரா முன்னால் உண்மைக் கண்ணாடியை உடைப்பது ஆபத்து. கை தவறுவது ஒரு ஷாட், பேத்தியின் முகம் ஒரு ஷாட், ஏற்கனவே உடைத்து வைத்த சில்லுகள் தரையில் ஒரு ஷாட் என்று பிரித்துவிட்டால் யாரும் எதையும் உடைக்க வேண்டியதில்லை, சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அடுத்தது கடிகார முள். அது ஓடிக்கொண்டிருந்தால் ஒரு ஷாட்டில் ஐந்தரை, அடுத்த ஷாட்டில் ஆறேகால் காட்டும். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, சீன் பேப்பரில் "மணி 5.40" என்று எழுதிவையுங்கள். கண்ணாடி உடைந்த பிறகு வரும் சீன்களில் கடிகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். 8வது சீனை முதல் நாளே எடுக்க நேர்ந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் குறிப்புதான்.

இனி வெளிச்சம். பொழுது சாயும் நேரம் என்று நீங்கள் மனதில் பார்க்கும் அந்த நீலம் நிறைய இடங்களில் அரைமணி நேரம்கூட நிற்காது. இரண்டரைப் பக்க வசனத்தை அதற்குள் எடுக்கவே முடியாது. ஜன்னல் தெரிகிற வைட் ஷாட்டை மட்டும் அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் தெரியாத குளோசப்புகளை மதியமே, ஜன்னலை மறைத்து, லைட் போட்டு எடுத்துவிடுங்கள். மாலை வெளிச்சம் வருவதற்குள் இருவருக்கும் வசனம் நன்றாகப் படிந்திருக்கும், வைட் ஷாட் இரண்டு மூன்று டேக்கில் ஓகே ஆகிவிடும். இதை இரண்டாம் நாள் வையுங்கள். முதல் நாள் யூனிட்டுக்கே கை பழகியிருக்காது. மூன்றாம் நாள் வைத்தால், வானம் மூடிக்கொண்டால் மாற்று நாள் கிடையாது.

பக்கக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது படத்தின் நீளத்துக்கான கணக்கு, எடுக்க ஆகும் நேரத்துக்கு அல்ல. ஷாட் லிஸ்ட் எழுதி, கேமரா எத்தனை முறை இடம் மாறுகிறது என்று எண்ணுங்கள். லைட் மாற்றி, ரிகர்சல் பார்த்து, இரண்டு மூன்று டேக் போக, ஒரு இடமாற்றத்துக்கு அரைமணி வையுங்கள். 10 மணி நேர வேலையில் சாப்பாட்டுக்கு ஒரு மணி போனால் 18 தேறும். உங்கள் லிஸ்டில் நாளுக்கு 30 இருந்தால் இப்போதே வெட்டுங்கள். வீட்டு மேசையில் நிதானமாக யோசித்து வெட்டலாம். அன்றைக்குச் சாயங்காலம் அவசரத்தில் வெட்டினால் நல்ல ஷாட்தான் போகும்.

பெரியவரின் சீன்களைக் காலை 10 மணிக்கு மேல் தொடங்கி, இரவு ஏறுவதற்குள் முடியுங்கள். அவர் உட்கார ஒரு நாற்காலியும், கூடவே இருக்க ஒரு ஆளும் பட்ஜெட்டிலேயே இருக்கட்டும்.

ரூம்டோன்:
மேலே சொன்னதோடு ஒலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லைவ் சவுண்ட், அதாவது நடிக்கும்போதே வசனத்தைப் பதிவு செய்வது என்றால், கடிகாரம் டிக் டிக் என்று அடிக்கவே கூடாது. வசனத்துக்கு நடுவே ஷாட் வெட்டும்போது அந்தத் தாளம் தப்புவது அப்பட்டமாகக் கேட்கும். அதைத் தனியாகப் பதிவு செய்து எடிட்டில் போடுங்கள்.

லொகேஷன் பார்க்கப் போகும்போது, சீன் நடக்கிற அதே நேரத்தில் போங்கள். காலையில் அமைதியாக இருக்கும் அறை, பள்ளி விட்டதும் வேறு அறையாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஃபிரிட்ஜ், மின்விசிறி, மோட்டார் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். ஷூட்டிங்கில் ஃபிரிட்ஜை அணைத்தால், அணைத்தவர் தன் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடட்டும். திரும்பப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

முதல்_ஷாட்:
மதியமே குளோசப் எடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்டோரிபோர்டு, அதாவது ஒவ்வொரு ஷாட்டையும் படமாக, வரையத்தான் வேண்டுமா? எனக்கு வரைய வராது. அப்புறம், பேருந்து நிறுத்தத்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ஒன்லைன்_ஆர்டர்:
வரைய வேண்டாம். கேமராமேனோடு அந்த அறைக்குப் போய், நண்பர்கள் இருவரை நிற்க வைத்து, ஒவ்வொரு ஷாட்டையும் போனில் படம் எடுத்து வரிசையாக ஒட்டுங்கள். கோடு வரைந்ததைவிட இதுவே பயன்படும், ஏனென்றால் கேமரா நிற்க அந்த மூலையில் இடமே இல்லை என்பது அங்கே போனால்தான் தெரியும்.

பேருந்து நிறுத்தத்துக்கு அனுமதியை எழுத்தில் வாங்கி, பிரதியைக் கையிலேயே வைத்திருங்கள். பின்னணியில் விளம்பரப் பலகை, அடையாளம் தெரிகிற முகங்கள் எவை வரும் என்று போன் படத்திலேயே பாருங்கள். பக்கத்தில் எங்காவது பாட்டு ஓடினால் வசனம் எடுக்காதீர்கள். உரிமைச் சிக்கல் ஒருபக்கம், ஷாட்டுக்கு ஷாட் பாட்டு ஒட்டாது என்பது இன்னொரு பக்கம். அங்கே உங்களுக்கு வசனம் குறைவு என்றால் மூன்றாம் நாள் அதிகாலையில் வையுங்கள், கூட்டம் இருக்காது. மழை வந்தால் அன்று எடுக்க மாடிப்படி சீன் ஒன்றை மிச்சம் வைத்திருங்கள். பேத்திக்கு இரண்டு இடத்து உடையும் அன்று வண்டியில் இருக்க வேண்டும்.

ரூம்டோன்:
ஒன்று விட்டுவிட்டேன். கேமராவின் மெமரி கார்டைக் காப்பி செய்ய ஒரு ஆளை இப்போதே நியமியுங்கள், கேமராமேன் தலையில் கட்டாதீர்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வரும். அந்தக் கணக்கை வைத்து ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். இரண்டிலும் காப்பி ஏறி, திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். ஒரு டிஸ்க் உங்கள் வீட்டுக்கும் மற்றொன்று இன்னொருவர் வீட்டுக்கும் போகட்டும்.