பி.டி.எஃப். ஏறுகிறது, போட்டோ ஏறவில்லை. அவசரம், உதவுங்கள்

சேர்வராயன்_நிரல்:
வணக்கம். ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்கள் சிலருக்காக ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதியிருக்கிறேன். செடியில் தண்டுத் துளைப்பான் விழுந்தால் போட்டோ எடுத்து ஏற்றுவார்கள். எடைச்சீட்டு பி.டி.எஃப்., கூலிக் கணக்கு சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை ஃபைல்). இதில் பி.டி.எஃப். மட்டும் ஒழுங்காக ஏறுகிறது. போட்டோ ஏறவில்லை. சி.எஸ்.வி. சிலருக்கு ஏறுகிறது, சிலருக்கு இல்லை. அனுமதிப் பட்டியலில் மூன்று வகையும் இருக்கின்றன. என் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக ஓடுகிறது. நாளைக் காலை மேலே போய்க் காட்ட வேண்டும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
எந்த சர்வர்? எந்த மொழி? திரையில் என்ன பிழை வருகிறது?

லீபஜார்_மணி:
பெர்மிஷன்தான், சந்தேகமே வேண்டாம். அப்லோட் ஃபோல்டருக்கு 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துப் பாருங்கள்.

நாகலூர்_மிளகு:
எனக்கு சிக்னல் மேல்தான் சந்தேகம். எங்கள் தோட்டத்தில் ஒரு கோடு வந்தாலே அதிசயம். பெரிய ஃபைல் பாதியில் அறுந்துவிடும். போட்டோவை எங்கிருந்து ஏற்றிப் பார்த்தீர்கள்?

பழைய_சர்வர்:
பெர்மிஷன் பிரச்சினை என்றால் பி.டி.எஃப்.பும் ஏறாது மணி, இதைக்கூட யோசிக்காமல் பதில் போடலாமா? 777 கொடுத்தால் அந்த சர்வரில் உள்ள எந்தக் கணக்கும் அந்த ஃபோல்டரில் எழுதலாம். தம்பி, நீங்களும் முதலில் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். லாக் (சர்வர் எழுதிவைக்கும் பதிவு) பார்க்காமல் இங்கே வருபவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்குப் பத்து வருடம் போய்விட்டது.

சேர்வராயன்_நிரல்:
மன்னிக்கவும். உபுண்டு லினக்ஸ், வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், மொழி பி.எச்.பி. சேலத்தில் வீட்டு வைஃபையில் இருந்து ஏற்றினாலும் இதே கதைதான். பி.எச்.பி. லாக்கில் ஒன்றும் இல்லை. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ ஏறுகிறது. கேமராவில் எடுத்ததை நேராக ஏற்றினால்தான் இல்லை.

அஸ்தம்பட்டிக்காரன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஆக, வகை பிரச்சினை இல்லை, அளவுதான். நாம் மாற்றாதவரை என்ஜின்எக்ஸ் 1 எம்.பி.க்கு மேல் வருவதை 413 ('அளவு அதிகம்' என்ற பிழை எண்) என்று வாசலிலேயே திருப்பிவிடும். பி.எச்.பி. வரை போகவே போகாது, அதனால்தான் அந்த லாக் காலி. என்ஜின்எக்ஸின் எரர் லாக்கைப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் சின்னப் படமாக வைத்துச் சோதித்திருப்பீர்கள்.

என்ஜின்எக்ஸில் 'க்ளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்ற வரம்பை 20 எம்.பி. ஆக்குங்கள். அதோடு விடாதீர்கள். பி.எச்.பி.யில் ஒரு ஃபைலுக்கு 2 எம்.பி., மொத்த ஃபாரத்துக்கு 8 எம்.பி. என்று தனியாக இரண்டு வரம்புகள் இருக்கும். மொத்த வரம்பைத் தாண்டினால் பெயர், தேதி உட்பட ஃபாரம் முழுக்கக் காலியாக வந்து நிற்கும். நான் அதில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறேன். மாற்றியதும் இரண்டையும் ரீலோட் செய்யுங்கள்.

பழைய_சர்வர்:
சி.எஸ்.வி.க்குக் காரணம் வேறு. பிரவுசர் சொல்லும் வகையை அப்படியே நம்புகிறீர்கள். எக்செல் இருக்கும் விண்டோஸில் அதே சி.எஸ்.வி. எக்செல் ஃபைல் என்று பெயர் சொல்லிக்கொண்டு வரும். வேறு கம்ப்யூட்டரில் டெக்ஸ்ட் என்று வரும். ஃபைலின் முதல் பைட்டுகளைப் படியுங்கள். ஜே.பி.இ.ஜி. என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும். சி.எஸ்.வி.க்கு அப்படி முத்திரை கிடையாது. திறந்து நெடுவரிசைகளை எண்ணித்தான் சரிபார்க்க வேண்டும். ஐபோன்காரர் இருந்தால் ஹெச்.இ.ஐ.சி. என்ற வேறு வகைப் படமும் வரும், 2017இல் ஐ.ஓ.எஸ். 11 வந்ததில் இருந்து. அப்புறம், ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டாம் என்று தோட்டக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

நாகலூர்_மிளகு:
அவர்களிடம் ஏன் சொல்ல வேண்டும்? என் அப்பா 'மேல்காடு மிளகுக் கணக்கு' என்றுதான் பெயர் வைப்பார். அவருக்கு அப்படித் தேடினால்தான் கிடைக்கும்.

பழைய_சர்வர்:
உணர்ச்சி வேறு, சர்வர் வேறு. யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். 85 குறி தாண்டினால் ஃபைலைச் சேமிக்கவே முடியாது. 'கு' என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு குறி: 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று.

நாகலூர்_மிளகு:
கணக்கு சரி சார், மறுக்கவில்லை. டிஸ்கில் சர்வரே ஒரு எண்ணைப் பெயராக வைத்துக்கொள்ளட்டும். அப்பா வைத்த பெயர் டேட்டாபேஸில் இருக்கட்டும், இறக்கும்போது அந்தப் பெயரிலேயே கொடுக்கலாம். இங்கிலீஷில் பெயர் வைத்தாலும் அதுதானே பாதுகாப்பு? தெரியாத ஒருவர் வைத்த பெயரை டிஸ்கில் அப்படியே எழுதவே கூடாது.

லீபஜார்_மணி:
மிளகு சொல்வது நியாயம். 777 சொன்னதற்கு மன்னிக்கவும், இனி சொல்லமாட்டேன்.

பழைய_சர்வர்:
டிஸ்கில் எண், டேட்டாபேஸில் பெயர் என்றால் எனக்கும் சம்மதம். இறக்கும்போது தமிழ்ப் பெயரை ஹெடரில் (ஃபைலோடு போகும் தலைப்புக் குறிப்பில்) யு.டி.எஃப்-8 என்று குறித்து அனுப்ப வேண்டும், இல்லையென்றால் கேள்விக்குறிகளாக இறங்கும்.

சேர்வராயன்_நிரல்:
413தான். இரண்டு இடத்திலும் வரம்பை ஏற்றினேன், போட்டோ ஏறிவிட்டது. சி.எஸ்.வி.யும் சரி. காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். எல்லோருக்கும் நன்றி அண்ணா.

அஸ்தம்பட்டிக்காரன்:
மகிழ்ச்சி தம்பி. அப்லோட் ஃபோல்டர் வெப் ரூட்டுக்கு (பிரவுசரில் நேராகத் திறக்கக்கூடிய ஃபோல்டருக்கு) வெளியே இருக்கிறதா? உள்ளே இருந்தால் யாராவது ஒரு பி.எச்.பி. ஃபைலை ஏற்றி, லிங்க்கைத் திறந்து ஓட்டிவிடலாம். பஸ் ஏறும் முன்பு அதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
தம்பி, பார்த்தீர்களா?