ஈக்கள் குறித்துக் கொடுக்கும் கால அட்டவணை

முதுகலை வரை செய்முறை வகுப்பு என்றால் மணி அடித்ததும் நுண்ணோக்கியை மூடிவிட்டுக் கிளம்பிவிடலாம். வரவேண்டிய விடையும் கையேட்டிலேயே இருக்கும். ஆய்வு மாணவராகப் பழ ஈ ஆய்வகத்தில் சேர்ந்ததும் அந்தச் சொகுசு போய்விட்டது.

கலப்பு போட, அதாவது நாம் தேர்ந்தெடுத்த ஆணோடு பெண்ணைச் சேர்த்துக் குஞ்சு எடுக்க, எந்த ஆணுடனும் சேராத பெண் ஈ வேண்டும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் அந்த விந்தணுக்களை உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் முட்டையிடும். அப்புறம் பிறப்பவற்றுக்கு அப்பன் யார் என்று சொல்ல முடியாது. 25 டிகிரியில், கூட்டை விட்டு வெளியே வந்த 8 மணி நேரத்துக்குள் பெண்ணைப் பிரித்துவிட வேண்டும். காலையில் குப்பியில் இருக்கும் ஈக்களையெல்லாம் வெளியேற்றிவிட்டு, மாலைக்குள் வந்து புதியவற்றைப் பிடிப்போம். இரவில் 18 டிகிரி குளிர்பெட்டியில் வைத்தால் வளர்ச்சி மெதுவாகி, அவகாசம் ஏறக்குறைய இரு மடங்காகும். அந்தப் பெட்டியைச் செய்தவருக்குக் கோயிலே கட்டலாம்.

கரியமில வாயுவில் மயங்கிக் கிடக்கும் ஈக்களைத் தூரிகையால் புரட்டிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் வெளிவந்தவை வெளுத்திருக்கும், இறக்கை கசங்கியிருக்கும். வயிற்றில் ஒரு கரும்பச்சைப் புள்ளி தெரியும். புழுவாக இருந்தபோது தின்றதன் மிச்சம் அது. ஆணுக்கு வால்நுனி கறுப்பு என்று பாடத்தில் படித்திருப்போம். இந்த வயதில் அந்த நிறம் சரியாக ஏறியிருக்காது. முன்காலில் சீப்புப் பல் போல வரிசையாக முடி இருந்தால் ஆண்; அதைப் பார்ப்பதே நம்பகமான வழி. மரபியலாளர் மார்கன் 1910-இல் வெள்ளைக் கண் ஆண் ஈயைக் கண்டது நமக்குப் பாடத்தில் ஒரே வரி. குப்பி குப்பியாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வரியின் கனம் தெரியும்.

* * *

வேறொரு ஆய்வகத்தில் இருக்கும் எங்களுக்கு ஈ இல்லை, டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர். டிஎன்ஏ சேர்க்காத குழாயை எப்போதும் கூடவே ஓட்டுவோம்; அதில் எதுவும் வரக்கூடாது. ஒரு நாள், டிஎன்ஏ பட்டையாகத் தெரியும் ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்தால் அதிலும் பளிச்சென்று ஒரு பட்டை! அப்படி வந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் அழகான பட்டைகள் எதையும் நம்ப முடியாது. ப்ரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு), நொதி, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் புதிதாக மாற்றிப் பார்த்தோம். கடைசியில் அகப்பட்டது, எல்லோரும் பிப்பெட் விட்டுக்கொண்டிருந்த பொதுத் தண்ணீர்ப் புட்டி. இப்போது அவரவர் தண்ணீர் அவரவர் குழாயில், பெயர் எழுதி.

* * *

ஆய்வகம் தேடும்போது எல்லோரும் நெறியாளரின் குணத்தைத்தான் விசாரிக்கிறார்கள். சரி, அது வேண்டியதுதான். கூடவே எந்த உயிரி என்றும் கேளுங்கள். ஈ.கோலி பாக்டீரியா நல்ல வளர்ப்பு ஊடகத்தில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும், பழ ஈக்குத் தலைமுறை சுமார் 10 நாள். செடி ஆய்வகத்தில் இருக்கும் நான் வைத்திருப்பது அராபிடாப்சிஸ் என்ற சிறு செடி. விதையிலிருந்து அடுத்த விதைக்கு ஆறு வாரமாவது ஆகும். நான்கு தலைமுறை பார்ப்பதற்குள் அரை வருடம் ஓடிவிடும். செடி ஆய்வகத்தில் சேருபவர்கள் படிக்க வேண்டிய கட்டுரைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் விதையைப் போட்டுவிடுங்கள்.